வெளியூரில் பிறந்தநாள் விருந்து: உணவகம் தேர்ந்தெடுக்க 17 குறிப்புகள்

அப்பாவுக்கு 70 வயது. திருக்கடையூரில் பீமரத சாந்தி நல்லபடியாக முடிந்து, ஊர் திரும்பும் வழியில் இரண்டு நாள் புதுச்சேரியில் தங்கினோம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், தம்பியும் அவன் மனைவியும், பிள்ளைகள் மூன்று பேர் என மொத்தம் 9 பேர். தேதிப்படி அப்பாவின் பிறந்தநாள் அந்த இரண்டாம் நாள் வந்தது. அன்று ராத்திரி எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆசைக்குப் பின்னால் ஒரு மனக்குறையும் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் அம்மாவின் அறுபதுக்கு ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம். படம் பார்த்து மயங்கி ஒரு மாடி உணவகத்தைத் தேர்ந்தெடுத்தேன். செங்குத்தான படிக்கட்டு, காது அடைக்கும் பாட்டு, முக்கால் மணி நேரக் காத்திருப்பு. "நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அம்மா தட்டைத் தள்ளி வைத்தார். அறைக்கு வந்து விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. உள்ளூரில் ஒரு கடை சரியில்லை என்றால் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போகலாம். வெளியூரில் நமக்கு இருப்பது ஒரே ஒரு ராத்திரி. அதற்காக நான் கடைப்பிடிக்கும் குறிப்புகள் இவை.

1. அறை பதிவு செய்யும் முன்பே தினக் காலண்டரைப் பாருங்கள். விருந்து நட்சத்திரப் பிறந்தநாளுக்கா, தேதிப் பிறந்தநாளுக்கா என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நட்சத்திரத்தன்று கோயிலும் அர்ச்சனையுமாக இருப்பதால் பெரியவர்கள் பலர் அசைவம் தொட மாட்டார்கள். தேதி வெள்ளிக்கிழமையிலோ, அமாவாசை, கிருத்திகை, சஷ்டியிலோ, புரட்டாசிச் சனியிலோ வந்து விழுந்தால் மீனுக்குப் பேர்போன கடையில் இடம் பிடித்து என்ன பயன்? விருந்தை ஒருநாள் தள்ளி வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கட்டாயப்படுத்தி உட்கார வைத்தால், அவர் தயிர்சாதத்தோடு எழுந்துவிடுவார்.

2. "எங்கப்பா போகலாம்?" என்று கேட்டால், "எங்கயாச்சும் போலாம், உங்களுக்குப் பிடிச்ச இடமாப் பாருங்க" என்றுதான் பதில் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். டிபனா, சாப்பாடா? ஏசி வேண்டுமா, காற்றாட உட்கார வேண்டுமா? போன வருடம் வெளியே சாப்பிட்டதில் எது பிடித்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு அப்பா யோசிக்காமல், "கும்பகோணத்துல அன்னைக்கு ஒரு ரவா தோசை சாப்பிட்டோமே" என்றார். அவருக்கு மொறுமொறுப்பாக, சூடாக, ஒவ்வொன்றாக வர வேண்டும். பஃபேயில் தட்டை ஏந்தி நிற்கும் இடம் ஆகாது என்று எனக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

3. போகிற ஊரின் கூட்ட நாட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். புதுச்சேரி சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். சனி, ஞாயிறு என்றால் சென்னையும் பெங்களூரும் அங்கேதான் இருக்கும். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம் மட்டுமல்ல, ஸ்ரீ அரவிந்தரின் பிறந்தநாளும் கூட. பிப்ரவரி 21 அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் பிறந்தநாள். இந்த நாட்களில் ஆசிரமத்துக்கு வரும் கூட்டத்தால் பக்கத்துத் தெருக்களிலும் நெரிசல் இருக்கும். வார நாள் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் வாரத்தில் ஒருநாள் விடுமுறை விடும் உணவகங்களும் உண்டு. அது என்றைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. மதிப்பீட்டு நட்சத்திரங்களை எண்ணி முடிவெடுக்காதீர்கள். கூகுள் மேப்ஸில் புதிய கருத்துகள் முதலில் வரும்படி மாற்றி, கடைசி மூன்று மாதத்துக் கருத்துகளை மட்டும் படியுங்கள். சமையல்காரர் மாறினால் ருசியும் மாறிவிடும். இரண்டு வருடத்துப் பாராட்டு இன்றைக்கு உதவாது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் "சூப்பர்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். மூன்று கொடுத்தவர்தான் எது நன்றாக இருந்தது, எது சொதப்பியது என்று பிரித்துச் சொல்லியிருப்பார். உணவகம் போடும் படங்களை விட, சாப்பிட வந்தவர்கள் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாற்காலிக்குச் சாய்மானம் இருக்கிறதா, மேசைகளுக்கு நடுவே நடக்க இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். யாராவது பில்லைப் படமெடுத்துப் போட்டிருந்தால் விலையும் தெரிந்துவிடும்.

5. ஒருநாள் முன்னதாகப் போயிருந்தால், விருந்துக்குப் போகும் அதே நேரத்தில் நேரில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒரு காபியோ லைம் சோடாவோ குடித்துவிட்டு வந்தால் போதும். என் அனுபவத்தில் இந்த ஒரு காரியம் மற்ற எல்லாக் குறிப்புகளுக்கும் சமம். பகல் பன்னிரண்டு மணிக்கு அமைதியாகக் கிடக்கும் இடம், ராத்திரி எட்டு மணிக்குச் சந்தைக்கடையாக இருக்கும்.

புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் வீதி, துமாஸ் வீதிப் பக்கம் உள்ள உணவகங்கள் பல, பழைய பிரெஞ்சு வீடுகளில் நடக்கின்றன. உயரமான கூரை, நடுவில் முற்றம், ஓரத்தில் மரங்கள் என்று கண்ணுக்கு நிறைவாக இருக்கும். முட்டிவலிக்காரரை மனதில் வைத்துக்கொண்டு அதே இடத்தைப் பார்த்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படும். நிலைப்படி உயரமாக இருக்கிறது. முற்றத்தில் சரளைக்கல் பரப்பியிருக்கிறார்கள், ஊன்றுகோல் வழுக்கும். இரும்பு நாற்காலியில் மெத்தை இல்லை. மரத்தடி மேசையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் கணுக்காலைக் கொசு பிடுங்குகிறது. கழிப்பறைக்குக் கொல்லைப்புறம் போக வேண்டும். நானும் கணவரும் முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நடந்துபோய் இரண்டு இடங்களைப் பார்த்தோம். அழகில் முதலாவதாக இருந்ததை விட்டுவிட்டு, மின்விசிறியும் கைப்பிடி வைத்த நாற்காலியும் இருந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டோம்.

6. வெளிச்சம். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் தனியாகச் சொல்கிறேன். அந்த முதல் நாள் மாலை, நாங்கள் தங்கிய விடுதிக்குப் பக்கத்திலேயே ஒரு முற்றத்து உணவகத்தில் எல்லோரும் சாப்பிட்டோம். மேசைக்கு ஒரு சின்ன மெழுகுவத்தி. தலைக்கு மேலே மங்கலான மஞ்சள் பல்பு. அப்பா மெனு கார்டை வாங்கினார். கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கார்டை மெழுகுவத்திப் பக்கம் சாய்த்தார். பிறகு மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே ஏதாச்சும் சொல்லும்மா" என்றார். நாற்பது வருடமாகக் காலையில் பேப்பர் படித்து எங்களுக்குச் செய்தி சொன்னவர்.

மெனு கார்டை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் அறையிலேயே பெரியவர்கள் படித்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்து வைக்கட்டும். மேசை கேட்கும்போது, "லைட்டுக்குக் கீழ வர்ற மாதிரி கொடுங்க" என்று கேளுங்கள்.

7. தொலைபேசியில் பேசுவதென்றால் மதியம் மூன்றரையிலிருந்து ஐந்தரைக்குள் கூப்பிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் எல்லாவற்றுக்கும் "இருக்குங்க, வாங்க" என்றுதான் பதில் வரும். பொதுவாக "வயசானவங்களுக்கு வசதியா இருக்குமா?" என்று கேட்காமல் எண்ணிக்கையாகக் கேளுங்கள்.

"நாளைக்கு ராத்திரி ஏழு மணிக்கு ஒன்பது பேர் வர்றோம். அப்பாவுக்கு எழுபது வயசு, முட்டிவலி. வாசல்லேர்ந்து மேசை வரைக்கும் எத்தனை படி இருக்குங்க?"

"மூணு படிதாங்க மேடம். ஆனா ரெஸ்ட்ரூம் போறதுக்கு இன்னும் ரெண்டு படி இறங்கணும். பரவாயில்ல, நான் பையன் ஒருத்தனைக் கூட நிக்கச் சொல்றேன்."

கேட்காத இரண்டு படியையும் சேர்த்துச் சொன்னாரே, அந்த மேலாளரை நம்பலாம் என்று அப்போதே தோன்றியது. பேசி முடித்ததும் நாள், நேரம், எத்தனை பேர், எந்த மேசை, என்ன சொல்லி வைத்தோம் என்பதை ஒரே செய்தியாக அனுப்பி "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முறை மாறி வேறு ஆள் நின்றாலும் அந்தச் செய்தியைக் காட்டலாம்.

8. சாப்பாட்டு நேரத்தைப் பிறந்தநாள்காரரின் உடம்பு முடிவு செய்யட்டும். ஏழு மணிக்குத் திறக்கும் இடத்தில் ஏழுக்கே போய் உட்காருங்கள். சமையலறைக்கு அப்போது நெருக்கடி இருக்காது, தட்டு சீக்கிரம் வரும், பேசினால் காது கேட்கும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சாப்பாடு எப்போது மேசைக்கு வரும் என்று தெரியாமல், அறையிலேயே ஊசி போட்டுவிட்டுக் கிளம்பினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். வெளியே சாப்பிடும் நாளில் எப்படிப் போட்டுக்கொள்வது என்று மருத்துவரிடம் பயணத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

9. அந்த ஊர்ச் சாப்பாடு ஒன்று, வழக்கமான சாப்பாடு ஒன்று, இரண்டும் கிடைக்கிற இடம்தான் குடும்பத்துக்கு ஏற்றது. புதுச்சேரிக்குப் போய் வெறும் நான், பன்னீர் பட்டர் மசாலாவோடு திரும்பினால் எனக்கு மனசு ஆறாது. பிரெஞ்சும் தமிழும் கலந்த கிரியோல் சமையல் அங்கே உண்டு. புயாபேஸ் என்கிற மீன் சூப், பிரெஞ்சுத் துறைமுகமான மார்செய்யிலிருந்து வந்து நம் மஞ்சளோடும் மிளகோடும் உறவாகிவிட்டது. நாம் தாளிக்கப் போடும் வடகம் கூட 'வடுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்களின் சமையலறைக்குப் போயிருக்கிறது. இதைச் சொன்னதும் அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வருடா வருடம் மொட்டை மாடியில் வடகம் உருட்டிக் காயவைப்பவர் அவர். ஒரு கிண்ணம் சூப் வாங்கி எல்லோரும் ருசி பார்த்தோம். பிறகு அப்பாவுக்கு அப்பமும், கொஞ்சம் காரம் குறைத்த மீன் குழம்பும்.

10. சைவம் மட்டும் சாப்பிடுபவர் கூட இருந்தால், "வெஜ் இருக்கா?" என்று கேட்டதோடு விடாதீர்கள். ஐரோப்பிய வகைச் சமையலில் காய்கறி சூப்புக்கே கோழி எலும்பு வேகவைத்த நீரைச் சேர்ப்பது உண்டு. சில பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்து உறைய வைத்தவை. ஜெல்லி போல ஆடும் இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். மேயனைஸில் முட்டை இருக்கலாம். தாய்லாந்து வகை என்றால் மீன் சாஸ். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

11. பில்லைப் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5%. நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை உள்ள நட்சத்திர விடுதிக்குள் இருக்கும் உணவகத்தில் 18% போடுவார்கள். 6,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் முதல் இடத்தில் வரி 300, இரண்டாவதில் 1,080. பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறிய தம்பிக்கு நீங்கள் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள். பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும் என்பதும் 2022 ஜனவரியிலிருந்து விதி.

மகன், மகள் வேலை பார்க்கும் சிங்கப்பூருக்குப் போய்ப் பிறந்தநாள் கொண்டாடுபவர்கள் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனியுங்கள். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதமும் அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் தனி என்று அர்த்தம். 100 வெள்ளி என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது 119 வெள்ளி 90 காசு.

12. கேக். வெளியிலிருந்து கொண்டுவர விடுவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, அதுவரை குளிர்பெட்டியில் வைத்துத் தருவார்களா என்று மூன்றையும் கேளுங்கள். கடற்கரை ஊர் வெயிலில் கிரீம் கேக் ஆட்டோவில் கால் மணி நேரம் தாங்காது. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் நிறையச் சாப்பிடப் போவதில்லை. 9 பேருக்கு அரைக் கிலோ தாராளம். புதுச்சேரியில் ரவையும் வெண்ணெயும் முட்டையும் ரம்மில் ஊறிய உலர்பழங்களும் சேர்த்துச் செய்யும் விவிகம் கேக் கிறிஸ்துமஸ் காலத்தில் கிடைக்கும். ரம் வேண்டாதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

மெழுகுவத்தியை ஊதி அணைப்பது பெரியவர்களில் பலருக்குப் பிடிக்காது. விளக்கை அணைத்து ஒரு நல்ல காரியத்தைத் தொடங்குவதா என்று அம்மா எப்போதும் மனம் சங்கடப்படுவார். நாங்கள் ஊரிலிருந்தே ஒரு சின்னப் பித்தளை அகலும், திரியும், ஒரு சிறு புட்டியில் நெய்யும் கொண்டுபோயிருந்தோம். மேலாளரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கினோம். அப்பா தன் கையால் ஏற்றினார். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காலில் விழுந்து எழுந்தார்கள். பக்கத்து மேசையில் இருந்த ஒரு வெளிநாட்டு அம்மையார் எழுந்து நின்று கைகூப்பினார்.

13. பணியாளர்கள் கூட்டமாக வந்து கைதட்டிப் பாடுவது வேண்டுமா வேண்டாமா என்று முன்பே சொல்லிவிடுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு அது தண்டனை.

14. மது பரிமாறும் இடமா என்பதையும் கேளுங்கள். புதுச்சேரியில் பல உணவகங்களில் பார் உண்டு. குடும்பத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறதா, பார் வழியாகத்தான் கை கழுவப் போக வேண்டுமா என்பது வரை விசாரியுங்கள்.

15. மழைக்கும் மலைக்கும் தனி ஏற்பாடு வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர ஊர்களில் முற்றத்து மேசையை நம்பக் கூடாது. உள்ளே கூரைக்கடியில் ஒன்றைச் சேர்த்தே சொல்லி வையுங்கள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் ராத்திரிப் பனிமூட்டத்தில் வளைவுச் சாலையில் போக வேண்டாத தூரமாக, முடிந்தால் தங்கும் விடுதியிலேயே ஏற்பாடு செய்யுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் 2024 மே மாதத்திலிருந்து அமலில் உள்ள இ-பாஸையும் மறக்க வேண்டாம். எந்த ஊரானாலும் இரண்டாவதாக ஓர் உணவகத்தின் எண்ணைக் கைவசம் வைத்திருங்கள்.

16. வண்டியையும் வண்டி ஓட்டுபவரையும் யோசியுங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை விட மாட்டார்கள். பெரியவர்களை எந்தத் தெரு முனையில் இறக்குவது என்று பகலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஓட்டுநர் அந்தப் பக்கத்துக்காரர். "அண்ணே, உங்க வீட்டு விசேஷம்னா எங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டேன். பிரியாணிக் கடை ஒன்றைச் சொன்னார். மறுநாள் மதியம் அங்கே சாப்பிட்டோம், அருமை. "நல்ல ஹோட்டல் எது?" என்று பொதுவாகக் கேட்டிருந்தால் எல்லோரும் போகும் இடத்தைத்தான் காட்டியிருப்பார். விருந்து ராத்திரியில் நாம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது அவரும் பசியோடுதான் காத்திருப்பார். கிளம்பும்போதே சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்துவிடுங்கள், அல்லது ஒரு பார்சல் சொல்லிவிடுங்கள்.

17. பில் மேசைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பு வரும் நேரத்தில் ஒருவர் மட்டும் எழுந்துபோய்க் கல்லாவிலேயே கட்டிவிட்டு வரலாம். எங்கள் அப்பா எந்த ஹோட்டலுக்குப் போனாலும் பில் புத்தகம் வந்ததும் சட்டைப் பையில் கை வைப்பார். விலையைப் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் சாப்பிட்டதெல்லாம் அவருக்கு ருசிக்காது. அன்று தம்பி முன்பே கட்டிவிட்டான். அப்பா இரண்டு தடவை சுற்றிப் பார்த்து, "பில்லு இன்னும் வரலையேடா" என்றார். "ஆச்சுப்பா, காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டான்.

திரும்பி வரும்போது விடுதிச் சமையலறை மூடியிருக்கும். அதனால் கிளம்பும் முன்பே ஒரு பிளாஸ்க் வெந்நீர், ராத்திரி மாத்திரை, இரண்டு வாழைப்பழம் ஆகியவற்றைக் கட்டில் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். அம்மாவுக்காக நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வைத்திருந்தேன். அது பிரிக்காமலே எங்களோடு ஊர் வந்து சேர்ந்தது.